அகமெம்னோனுக்கு எந்த ஊர்?

ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டெயா' நாடகங்களை முதல்முறை வாசித்தபோது ஒரு சின்ன விஷயம் இடறியது. டிராய் போரை முடித்துவிட்டு வீடு திரும்பும் அகமெம்னோனை அவன் மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா குளியல் தொட்டியில் வைத்துக் கொல்கிறாள் இல்லையா, அந்த அரண்மனை ஆர்கோஸ் நகரத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த அகமெம்னோன் மைசீனியின் அரசன். ஹோமர் அப்படித்தான் சொல்கிறார். சிறுவர்களுக்கான கதைப்புத்தகங்கள் வரை மைசீனிதான். மொழிபெயர்ப்பாளர் எங்கோ சறுக்கிவிட்டார் என்று நினைத்து இன்னொரு மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஆர்கோஸ். விடாமல் மூன்று நாடகங்களையும் தேடினேன். மைசீனி என்ற பெயரே எங்கும் இல்லை.

சரி, நாடகக்காரருக்கு உரிமை உண்டு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. கவிஞர் பிண்டாரை எடுத்தால், அங்கே அதே கொலை ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அமைக்ளை என்ற ஊரில் நடக்கிறது. அவருக்கு முந்தைய ஸ்டெசிகோரஸ் என்ற கவிஞரும் அந்த அரண்மனையை ஸ்பார்ட்டா நாட்டில்தான் வைத்திருந்தார் என்று பழைய உரைக்குறிப்பு சொல்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரீஸ் முழுக்க நடந்து பார்த்து எழுதிய பாசனியாஸ் என்ற பயணி இருக்கிறார். அவருக்கு மைசீனியில் அகமெம்னோனின் கல்லறை என்று ஒன்றைச் சொன்னார்கள். அமைக்ளையிலும் அகமெம்னோனின் நினைவிடம் என்று ஒன்றைக் காட்டினார்கள். மனிதர் இரண்டையும் எழுதி வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

ஒரே ஆளுக்கு மூன்று ஊர், இரண்டு கல்லறை. புராணம் என்றால் அப்படித்தான், ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் எந்தக் கதை எந்த வருஷம் எங்கே சொல்லப்பட்டது என்று வரிசையாக எழுதிப் பார்த்தபோது, இது ஞாபகப் பிசகு இல்லை, சொத்துத் தகராறு என்று புரிந்தது. அந்தத் தகராறில் ஒரு ஊரே அழிந்து போயிருக்கிறது.

முதலில் இடம். பெலோப்பனீஸ் தீபகற்பத்தின் வடகிழக்கில், கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் ஒரு சமவெளி. அதன் வடக்கு விளிம்பில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு குன்றின் மேல் மைசீனி. சமவெளியின் மேற்கு ஓரத்தில் ஆர்கோஸ். கடலுக்குக் கிட்டத்தில் டைரின்ஸ். மைசீனிக்கும் ஆர்கோஸுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஸ்பார்ட்டா அப்படியில்லை. அது தென்மேற்கே, மலைகளைத் தாண்டி, வேறொரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

அடுத்து குடும்பம். அகமெம்னோனின் வம்சமே அந்த மண்ணைச் சேர்ந்ததில்லை, கிழக்கே சின்ன ஆசியாவிலிருந்து வந்தது. கொள்ளுத்தாத்தா டான்டலஸ், பெற்ற மகனையே கறி சமைத்துக் கடவுள்களுக்குப் பரிமாறியவன். கடவுள்கள் உயிர் கொடுத்து மீட்ட அந்த மகன்தான் பெலோப்ஸ். அவன் கிரீஸுக்கு வந்து, ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில் பீசா என்ற ஊரின் அரசனைத் தேர்ப்பந்தயத்தில் சதி செய்து வென்று, அவன் மகளை மணந்துகொண்டான். சதிக்குத் துணைபோன தேரோட்டியைக் கடலில் தள்ளினான். தேரோட்டி விழும்போது விட்ட சாபம்தான் அடுத்த தலைமுறைகளை வாட்டியது என்பார்கள். 'பெலோப்பின் தீவு' என்பதுதான் பெலோப்பனீஸ் என்ற பெயருக்கே அர்த்தம்.

மைசீனி இவர்கள் கைக்கு வந்த விதத்தைத் துசிடிடீஸ் சொல்கிறார். புராணத்தைக்கூட கணக்குப்பிள்ளை மாதிரி சரிபார்க்கும் வரலாற்றாசிரியர் அவர். மைசீனியைக் கட்டியவன் மெடூசாவின் தலையை வெட்டிய பெர்சியஸ். அவன் பேரன் யூரிஸ்தியஸ் ஆண்ட காலத்தில், வீட்டில் ஒரு கொலையில் சிக்கி ஓடிவந்த தாய்மாமன் ஆத்ரியஸுக்கு அடைக்கலம் கொடுத்தான். பெலோப்ஸின் மகன்தான் இந்த ஆத்ரியஸ். யூரிஸ்தியஸ் போருக்குப் புறப்படும்போது ஊரை மாமன் பொறுப்பில் விட்டுப் போனான், ஆத்திக்கா மண்ணில் ஹெராக்ளீஸின் பிள்ளைகளிடம் செத்தும் போனான். பார்த்துக்கொள்ள வந்த மாமன் அரசனாகிவிட்டான். அவனுக்கும் தம்பி தையெஸ்டீஸுக்கும் நடந்த சண்டை, தம்பியின் பிள்ளைகளைக் கொன்று தம்பிக்கே விருந்து வைத்தது எல்லாம் நாடகக்காரர்கள் பிழிந்து எடுத்துவிட்ட பகுதி. அதற்குள் நான் போகவில்லை. ஆத்ரியஸின் பிள்ளைகள் அகமெம்னோன், மெனலாஸ். அண்ணனுக்கு மைசீனி, தம்பிக்கு மனைவி ஹெலன் வழியாக ஸ்பார்ட்டா. அகமெம்னோனின் மகன் ஒரெஸ்டீஸ். அப்பாவைக் கொன்ற அம்மாவைக் கொன்றவன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவன் எலும்பு பின்னால் வரும்.

இதில் ஹெராக்ளீஸ் எங்கே வருகிறான்? அவன் பெர்சியஸ் வம்சம். மைசீனியை அவன்தான் ஆண்டிருக்க வேண்டும். ஹீரா தேவி பிரசவத்தில் விளையாடி யூரிஸ்தியஸை முந்திப் பிறக்க வைத்ததால் உரிமை கைமாறியது. ஆகவே ஹெராக்ளீஸின் வாரிசுகள் நாலு தலைமுறை கழித்துப் படையோடு வந்து பெலோப்பனீஸைப் பிடித்தபோது, 'நாங்கள் ஜெயிக்க வரவில்லை, தாத்தா சொத்தை வாங்க வந்தோம்' என்ற தோரணையில் வந்தார்கள். ஒரெஸ்டீஸின் மகன் டிசாமினஸை விரட்டிவிட்டு மூன்று பங்காகப் பாகப்பிரிவினை செய்தார்கள். டெமினஸுக்கு ஆர்கோஸ். இன்னொரு சகோதரன் பங்கு ஸ்பார்ட்டா, ஆனால் அவன் இறந்துவிட்டதால் அவனுடைய இரட்டைப் பிள்ளைகளுக்குப் போனது. அதனால்தான் ஸ்பார்ட்டாவில் எப்போதும் இரண்டு அரச குடும்பங்கள், இரண்டு அரசர்கள். மூன்றாமவன் கிரெஸ்ஃபோன்டீஸுக்குச் செழிப்பான மெசீனியா மேல் கண். தண்ணீர்க் குடத்தில் மற்றவர்கள் கல்லைச் சீட்டாகப் போட, இவன் மண்ணாங்கட்டியைப் போட்டான். அது கரைந்துவிட்டது. மற்ற இரண்டும் முதலில் வெளியே வந்தன, கடைசிப் பங்கு மெசீனியா இவனுக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸே இல்லாத காலத்தில் இவ்வளவு நுணுக்கமான மோசடி!

இந்தக் கதைகளைக் கேட்டவர்கள் வெறும் கதையாகக் கேட்கவில்லை. ஹோமரின் பாட்டு அவர்களுக்குக் கிட்டத்தட்ட பத்திரம் மாதிரி. சலாமிஸ் தீவு யாருக்கு என்று ஏதென்ஸும் மெகாராவும் மோதிக்கொண்டபோது ஏதென்ஸ்காரர்கள் ஹோமரைச் சாட்சியாக நிறுத்தினார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். சிசியான் நகரத்தை ஆண்ட கிளைஸ்தினீஸ், ஆர்கோஸோடு பகை வந்ததும், ஹோமரைப் பாடும் போட்டிகளையே நிறுத்திவிட்டான். பாட்டில் ஆர்கோஸ் புகழ் அதிகமாம். காரணம் சொல்பவர் ஹெரோடோட்டஸ்.

'இலியட்' இரண்டாம் பாகத்தில் கப்பல்களின் பட்டியல் வருகிறது. பொறுமையைச் சோதிக்கும் பகுதி, நானும் முதலில் தாண்டிப் போனவன்தான். ஆனால் நம் வழக்குக்கு அதுதான் மூல ஆவணம். அகமெம்னோனுக்கு மைசீனி, கொரிந்த், சிசியான் முதலிய ஊர்கள், 100 கப்பல்கள். ஆர்கோஸும் டைரின்ஸும் டயோமிடீஸ் என்ற வேறு வீரன் வசம், 80 கப்பல்கள். ஸ்பார்ட்டாவும் அமைக்ளையும் மெனலாஸுக்கு, 60 கப்பல்கள். பட்டியல்படி ஆர்கோஸ் நகரத்துக்கும் அகமெம்னோனுக்கும் சம்பந்தமில்லை. இதற்குச் சற்று முன்னால்தான் ஹோமர் ஒரு இடத்தில் அகமெம்னோனைப் பல தீவுகளுக்கும் 'ஆர்கோஸ் முழுமைக்கும்' அரசன் என்று சொல்லியிருக்கிறார். அங்கே ஆர்கோஸ் என்பது ஊர்ப்பெயர் இல்லை, மொத்த நிலப்பரப்பு. கிரேக்கர்களையே ஆர்கைவ்கள் என்று அழைக்கிறவர் அவர். பத்திரத்தில் எல்லை தெளிவாக எழுதப்படாத ஒரு வரி. வக்கீல் கையில் கிடைத்தால் போதாதா?

முதலில் வழக்குப் போட்டது ஸ்பார்ட்டா. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வடக்கே இருந்த டெஜியாவை வளைக்க ஸ்பார்ட்டா திரும்பத் திரும்ப முயன்று தோற்றது. ஒருமுறை டெல்ஃபியின் குறி சாதகமாக வந்துவிட்டது என்று நம்பி, பிடிபடப் போகிறவர்களுக்கு மாட்ட விலங்குகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தோற்று, அதே விலங்குகளை மாட்டிக்கொண்டு டெஜியா வயலில் வேலை செய்தார்கள். அந்த விலங்குகள் தன் காலத்திலும் டெஜியாவின் அதீனா கோயிலைச் சுற்றித் தொங்கியதாக ஹெரோடோட்டஸ் சொல்கிறார். மறுபடி குறி கேட்டபோது, ஒரெஸ்டீஸின் எலும்புகளை வீட்டுக்குக் கொண்டுவா என்று வந்தது. எங்கே இருக்கிறது? டெஜியாவில், இரண்டு காற்று வீசும் இடத்தில், அடிக்கு அடி விழும் இடத்தில் என்று புதிர்.

லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர், சண்டை ஓய்ந்திருந்த ஒரு சமயத்தில், டெஜியாவில் ஒரு கொல்லன் பட்டறைக்குள் போய் இரும்படிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லன் பேச்சுவாக்கில், 'இதுக்கே ஆச்சரியப்படறீங்களே, இந்த முற்றத்துல கிணறு தோண்டினப்ப ஏழு முழ நீளத்துல ஒரு சவப்பெட்டி வந்துச்சு. நம்பாம திறந்து பார்த்தேன், பெட்டி நீளத்துக்கே ஆள் இருந்தான். அளந்து பார்த்துட்டு மறுபடி மூடிட்டேன்' என்கிற அர்த்தத்தில் சொன்னான். துருத்திகள் இரண்டும்தான் இரண்டு காற்று, சுத்தியலும் பட்டடையும்தான் அடிக்கு அடி என்று லிக்காஸுக்குப் பொறி தட்டியது. ஊருக்குத் திரும்பி, பொய்யாக ஒரு குற்றத்தில் சிக்கி நாடுகடத்தப்பட்டவராக வந்து, கொல்லனைக் கெஞ்சி அந்த முற்றத்தை வாடகைக்கு எடுத்து, எலும்பைத் தோண்டிக் கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு டெஜியா ஸ்பார்ட்டாவை ஜெயிக்கவே இல்லை.

ஏழு முழம் என்றால் பத்தடி. அந்த வட்டாரத்து ஆற்றுப்படுகைகளில் பழங்கால யானைகளின் எலும்புகள் கிடைப்பதால், தொல்லுயிர் எலும்பைத்தான் வீரன் எலும்பு என்று எடுத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் நமக்கு வேண்டியது எலும்பு யாருடையது என்பது இல்லை. ஸ்பார்ட்டாவின் அரசர்கள் ஹெராக்ளீஸ் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். ஒரெஸ்டீஸின் மகனை விரட்டிய கூட்டம். அவர்களே ஒரெஸ்டீஸின் எலும்பை மரியாதையோடு தூக்கிவந்து ஊர்ச் சந்தையில் புதைக்கிறார்கள். டிசாமினஸின் எலும்பையும் பின்னால் கொண்டுவந்ததாகப் பாசனியாஸ் சொல்கிறார். துரத்திய குடும்பத்தையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள்.

ஏன்? ஹெராக்ளீஸை வைத்து ஸ்பார்ட்டாவை மட்டும்தான் கேட்க முடியும். பாகப்பிரிவினையில் கிடைத்தது அவ்வளவுதான். அகமெம்னோனை வைத்தால் பெலோப்பனீஸ் முழுவதற்கும், ஏன், கிரேக்கப் படை மொத்தத்துக்கும் தலைமை கேட்கலாம். அப்படியே கேட்டார்கள். கி.மு. 481இல் பாரசீகப் படையெடுப்பு நெருங்கியபோது, சிராக்கூஸின் கெலோன், தனக்குத் தலைமைப் பதவி கொடுத்தால் உதவிக்கு வருவேன் என்றான். ஸ்பார்ட்டாவின் தூதர், தலைமை சிராக்கூஸ்காரன் கைக்குப் போனதென்று கேட்டால் பெலோப்ஸ் வழிவந்த அகமெம்னோன் ஓலமிட்டு அழுவான் என்று பதில் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். செத்து எழுநூறு வருஷமான, அதுவும் வேறு ஊர் அரசன்!

இதே வரிசையில் இன்னொன்று. சுமார் கி.மு. 508இல் ஸ்பார்ட்டா அரசன் கிளியோமினீஸ் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் மேல் ஏறியபோது, டோரியர்கள் உள்ளே வரக்கூடாது என்று பூசாரிப் பெண் தடுத்தாள். 'அம்மா, நான் டோரியன் இல்லை, அக்கேயன்' என்றான் அவன். அக்கேயர் என்றால் அகமெம்னோன் காலத்து ஆட்கள். சமயத்துக்கு ஒரு சாதிச் சான்றிதழ்.

இப்போது ஆர்கோஸ் பக்கம். இதே கிளியோமினீஸ் கி.மு. 494 வாக்கில் செபீயா என்ற இடத்தில் ஆர்கோஸ் படையை நொறுக்கினான். ஆர்கோஸ்காரர்கள் சொன்ன கணக்கு 6,000 பேர். ஓர் ஊரின் ஒரு தலைமுறை ஆண்களே போனதுபோல. ஆர்கோஸ் படுத்துவிட்டதால், அதன் நிழலில் இருந்த மைசீனிக்கும் டைரின்ஸுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. பழைய கோட்டைக்குள் சில நூறு குடும்பங்கள் வாழ்ந்த சிற்றூர்தான் அப்போதைய மைசீனி.

பாரசீகர்கள் வந்தபோது ஆர்கோஸ் ஒதுங்கி நின்றது. சேர்வதற்கு அது போட்ட நிபந்தனை, முப்பது வருஷ சமாதானமும் தலைமையில் சரிபாதியும். நியாயப்படி முழுத் தலைமையும் எங்களுடையது, போனால் போகிறது, பாதி போதும் என்ற பேச்சு வேறு. அங்கேயும் அந்த டிராய் பத்திரம்தான் பேசுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பார்ட்டாவின் பதில் கணக்குப்போட்டு வந்தது: எங்களுக்கு அரசர் இரண்டு, உங்களுக்கு ஒன்று, மூன்றில் ஒரு ஓட்டு தருகிறோம். பேச்சு முறிந்தது. பாரசீக அரசன் சாக்சீஸும் ஆர்கோஸுக்கு ஒரு தூதரை அனுப்பினான் என்று ஒரு கதை உலவியது. எங்கள் மூதாதை பெர்சஸ், உங்கள் பெர்சியஸின் மகன், ஆகவே நாம் உறவுக்காரர்கள், சொந்தக்காரர்கள் மோதிக்கொள்ளலாமா என்று கேட்டானாம். புராணத்தின் உபயோகம் எதிரிக்கும் தெரிந்திருக்கிறது.

சின்ன மைசீனி ஒதுங்கவில்லை. தெர்மோபைலிக்கு 80 பேரை அனுப்பியது. முந்நூறு ஸ்பார்ட்டா வீரர்களைப் பற்றிச் சினிமா வந்துவிட்டது, இந்த 80 பேரை யாரும் நினைப்பதில்லை. அடுத்த வருஷம், கி.மு. 479இல், பிளாட்டீயா போரில் மைசீனியும் டைரின்ஸும் சேர்ந்து 400 பேர். வெற்றிக்குப் பிறகு டெல்ஃபியில் நட்ட வெண்கலப் பாம்புத் தூணில், போரிட்ட 31 ஊர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். அதில் மைசீனி உண்டு. ஆர்கோஸ் இல்லை. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி பெயர்த்துக்கொண்டு போன அந்தத் தூண் இன்றும் இஸ்தான்புல்லின் பழைய குதிரைப்பந்தய மைதானத்தில் தலையிழந்து நிற்கிறது.

பக்கத்து ஊர்க்காரன் பெயர் டெல்ஃபியில், நம் பெயர் இல்லை. இது எவ்வளவு உறுத்தும் என்று நம் ஊர்க் கல்வெட்டுச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, சமவெளிக்கே பொதுவான ஹீரா கோயிலில் மைசீனி உரிமை கேட்டது, நீமியா விளையாட்டுகளை நடத்தும் உரிமையும் தனக்கே என்றது. இந்தக் காரணங்களைச் சொல்பவர் டயோடோரஸ். பாசனியாஸ் சுருக்கமாக முடித்துவிடுகிறார்: பொறாமை.

கி.மு. 468 வாக்கில், செபீயாவில் செத்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின், ஆர்கோஸ் மைசீனியை முற்றுகையிட்டது. ஸ்பார்ட்டாவால் உதவ முடியவில்லை, அதற்கு உள்நாட்டிலேயே தலைபோகிற பிரச்சினை. ஒற்றைக் கண் அரக்கர்கள் கட்டியதாகச் சொல்லப்பட்ட பெருங்கல் மதிலை ஆர்கோஸ்காரர்களால் உடைக்க முடியவில்லை. பட்டினி உடைத்தது. பிடிபட்டவர்களை அடிமைகளாக்கினார்கள் என்கிறார் டயோடோரஸ். தப்பியவர்களில் சிலர் பக்கத்து ஊரான கிளியோனைக்கும், சிலர் கெரினியாவுக்கும், பாதிக்கு மேல் மாசிடோனியாவில் அரசன் அலெக்ஸாண்டரிடமும் போனார்கள் என்கிறார் பாசனியாஸ். (மகா அலெக்ஸாண்டர் இல்லை, அவருக்கு முன்னோர்.) இந்த அலெக்ஸாண்டர் தன்னை ஆர்கோஸின் டெமினஸ் வம்சம் என்று நிரூபித்துத்தான் ஒலிம்பிக் ஓட்டத்தில் இடம் வாங்கியவன். ஆர்கோஸ்காரன் அடித்துத் துரத்தியவர்கள், ஆர்கோஸ் வம்சம் என்று மார்தட்டியவனிடம் அடைக்கலம் போயிருக்கிறார்கள்.

ஊர் ஆர்கோஸ் கைக்கு வந்தது. ஊரோடு அதன் அரசனும்.

பத்து வருஷம் கழித்து, கி.மு. 458இல், ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் 'ஒரெஸ்டெயா'வை அரங்கேற்றினார். இடையில் என்ன நடந்தது என்பதுதான் சாவி. கி.மு. 462இல் அடிமைக் கலகத்தை அடக்க உதவிக்குப் போன ஏதென்ஸ் படையை ஸ்பார்ட்டா அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பியது. கோபத்தில் ஏதென்ஸ், ஸ்பார்ட்டாவின் பரம எதிரியான ஆர்கோஸோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. இந்தப் பின்னணியில் நாடகத்தைத் திரும்ப வாசித்தேன். அகமெம்னோன் ஆர்கோஸில் வாழ்கிறான். தம்பி மெனலாஸும் அதே அரண்மனையில். ஸ்பார்ட்டாவுக்கு எந்தப் பாத்தியதையும் மிச்சமில்லை. மூன்றாவது நாடகத்தில் ஒரெஸ்டீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் விடுதலையானதும் என்ன செய்கிறான் தெரியுமா? என் நாட்டுக்காரன் எவனும் என்றைக்கும் ஏதென்ஸ் மேல் படையெடுக்க மாட்டான், எடுத்தால் கல்லறையிலிருந்தே தடுப்பேன் என்று சத்தியம் செய்கிறான். போன ஐந்து வருஷத்துக்குள் போட்ட ஒப்பந்தத்துக்கு எழுநூறு வருஷப் பழமை கிடைத்துவிட்டது.

ஈஸ்கிலஸுக்காகவும் வாதாடிப் பார்த்தேன். 'ஆர்கோஸ் முழுமைக்கும்' என்ற ஹோமர் வரி இருக்கிறதே, அவர் இல்லாததைச் சொல்லவில்லையே? உண்மைதான். நட்பு நாட்டை மேடையில் வாழ்த்துவது குற்றமா? இல்லை. ஆனால் ஈஸ்கிலஸ் மராத்தான் போரில் சண்டை போட்டவர். பாரசீகர்களின் தோல்வியை வைத்து நாடகமே எழுதியவர். பிளாட்டீயாவில் மைசீனிக்காரர்கள் நின்றது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மூன்று நாடகம், ஆயிரக்கணக்கான வரி, மைசீனி என்று ஒருமுறைகூட வாய் தவறியும் வரவில்லை என்றால் அது மறதி இல்லை என்றுதான் நினைக்கிறேன். உலகின் மிகப்பெரிய நாடகங்களில் ஒன்று என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இரண்டாவது வாசிப்பில் அந்த மௌனம்தான் காதில் விழுந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

பின்னால் வந்த சோஃபோக்ளீஸ் 'எலெக்ட்ரா'வில், ஊர் திரும்பும் ஒரெஸ்டீஸுக்கு ஆர்கோஸ், ஹீரா கோயில், பொன் மிகுந்த மைசீனி எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து முதியவர் ஒருவரைக் காட்டச் செய்கிறார். யூரிப்பிடீஸ் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். அதற்குள் வழக்கு ஆறிப்போயிருந்தது. ஆளே இல்லாத ஊரின் பெயரைச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

துசிடிடீஸ் இந்த இடிபாட்டைப் பற்றி ஒரு நல்ல வாதம் வைக்கிறார். மைசீனி இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, இங்கிருந்தா அவ்வளவு பெரிய படை போயிருக்கும் என்று சந்தேகப்படாதீர்கள். நாளைக்கு ஸ்பார்ட்டா காலியாகி, கோயில்களும் அஸ்திவாரங்களும் மட்டும் மிஞ்சினால், அதன் பலத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார். இன்று இரண்டு இடத்தின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் எவ்வளவு சரி என்று தெரியும். மைசீனியின் சிங்க வாசல் பிரம்மாண்டமாக நிற்கிறது. ஸ்பார்ட்டாவில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் கற்கள்.

1876இல் ஹைன்ரிக் ஷ்லீமன் பாசனியாஸின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மைசீனியைத் தோண்டினார். அகமெம்னோனும் அவனோடு கொல்லப்பட்டவர்களும் மதிலுக்கு உள்ளே, கிளைட்டெம்னெஸ்ட்ராவும் அவள் காதலன் ஏஜிஸ்தஸும் மதிலுக்கு வெளியே என்று பாசனியாஸ் எழுதியிருந்ததை நம்பி, சிங்க வாசலுக்கு உள்பக்கம் தோண்டியதில் தங்கம் கொட்டியது. முகத்தில் தங்கக் கவசம் வைத்த சடலங்கள். அகமெம்னோனையே கண்டுபிடித்துவிட்டதாக அவர் நம்பினார். பின்னால் பிறந்த மகனுக்கும் அகமெம்னோன் என்றே பெயர் வைத்தார். அந்தக் கல்லறைகள் கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. டிராய் போருக்குப் பழைய கிரேக்கர்கள் சொன்ன வருஷம் கி.மு. 1184. முந்நூறு வருஷத்துக்கு மேல் இடிக்கிறது. ஆனாலும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் கவசம் இன்றும் 'அகமெம்னோன் முகமூடி'தான்.

கோட்டைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்குப் பக்கத்தில், 1950இல் சின்னதாக ஒரு வழிபாட்டு இடத்தைத் தோண்டினார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சாதாரண ஜனங்கள் சட்டி பானைகளைக் காணிக்கை வைத்த இடம். சில ஓடுகளில் அகமெம்னோனுக்கு என்று கீறியிருக்கிறது. அந்தப் பெயர் உள்ள ஓடுகள் பழையவை இல்லை, ஊர் அழிந்து ஒரு நூற்றாண்டோ அதற்கு மேலோ கழிந்த காலத்தவை. ஸ்பார்ட்டா பக்கம் அமைக்ளையிலும் அகமெம்னோனுக்கும் கசாண்ட்ராவுக்கும் ஒரு வழிபாட்டிடம் இருந்தது. அங்கே காணிக்கை மண்பொம்மைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஸ்பார்ட்டா ஜெயித்துவிடும்.

ஆர்கோஸ் கடைசியில் மைசீனிக்குத் திரும்பி வந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தன் கீழ் ஒரு கிராமமாக அங்கே ஆட்களைக் குடியேற்றி, தன் முன்னோர் பட்டினி போட்டுத் திறந்த மதிலைத் தானே பழுதுபார்த்தது. குடியேறியவர்கள் மலைச்சரிவில் ஒரு சின்ன நாடக அரங்கம் கட்டிக்கொண்டார்கள். அந்த அரங்கத்தின் ஒரு படிவரிசை, மண்மூடிக் கிடந்த ஒரு பழைய கல்லறையின் நடைவழிக்கு மேலாகக் குறுக்கே போகிறது. கீழே கல்லறை இருப்பது தெரியாமலே கட்டியிருக்கிறார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த அந்தப் படிக்குக் கீழே இருந்த கல்லறைக்கு, நம் காலத்தில் வைத்த பெயர் 'கிளைட்டெம்னெஸ்ட்ராவின் கல்லறை'.